எங்கே இருக்கிறீர்கள்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தபோது, வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்று செயற்குழு எதிர்பார்த்திருக்கும். அவை பற்றிப் பேச நம்மிடையே வேறு வைத்தியர்கள் இருக்கிறார்கள். இன்று ஒரு சின்ன இலக்கணப் பாடம் எடுக்கப் போகிறோம். அதுவும் துருக்கி மொழி இலக்கணம்! பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குத் தேவையான இலக்கணம் மட்டும்தான். கேள்வி இது: எங்கே இருக்கிறீர்கள்?

'நாங்கள்' என்று ஏன் பேசுகிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சை மூன்று பேர் சேர்ந்து தயாரித்தோம். மூவரும் ஒரே வகுப்பு. மூவரும் மஹய்யாவயிலிருந்து காலையில் ஒன்றாக நடந்து வந்தவர்கள். இன்று ஒருத்தி லண்டனில், ஒருத்தி சூரிச்சில், ஒருத்தி இன்னும் மஹய்யாவயில். மேடையில் நிற்பது ஒருத்திதான். பேச்சு மூவருடையது.

வட லண்டனில் துருக்கி மொழி பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். கிரீன் லேன்ஸ் என்ற நீண்ட தெருவில் நடந்தால் ரொட்டிக்கடை, நகைக்கடை, இறைச்சிக்கடை என்று பெயர்ப்பலகைகள் துருக்கி மொழியில் இருக்கும். அந்தப் பகுதி நோயாளரைப் பார்க்கும் கிளினிக்கில் எங்களோடு வேலை செய்கிறவர்களில் இலங்கையரும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் கிடைப்பார். ஆனால் அவர் வரும்வரை நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால் பத்து இருபது வசனங்களைப் பாடமாக்கினோம். 'ஓதுருன்' என்றால் 'உட்காருங்கள்'. அதுதான் முதலில் படித்தது.

ஒரு நாள் வயதான ஓர் அம்மா வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். விலாசம் சரிபார்க்க வேண்டியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த அளவில் எதையோ கேட்டோம். அவர் "எட்மன்டன்-த ஓதுருயோரும்" என்றார். 'ஓதுரு' என்று காதில் விழுந்ததும், பாவம், கதிரை வசதியாக இல்லைப் போலும், உட்கார வேண்டும் என்கிறார் என்று நினைத்து இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டோம். அவர் முதலில் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "கிஸிம், கிஸிம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கிஸிம் என்றால் 'என் மகளே'. பிறகு மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். துருக்கி மொழியில் 'உட்காருவது' என்ற சொல்தான் 'குடியிருப்பது' என்பதற்கும். "எட்மன்டனில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றால் "எட்மன்டனில் குடியிருக்கிறேன்" என்று பொருள். வதிவிட அனுமதிக்கே அவர்கள் மொழியில் 'ஓதுர்மா இஸ்னி', அதாவது உட்காரும் அனுமதி என்று பெயர்.

அன்று இரவு எங்கள் மூவருக்கும் இடையிலான தொலைபேசிப் பேச்சில் இதைச் சொல்லிச் சிரித்தோம். மஹய்யாவயில் இருப்பவள் தமிழாசிரியை. அவள்தான் கேட்டாள்: "இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நாமும் அப்படித்தானே சொல்கிறோம்?"

உண்மைதான். யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போனால் "இருங்கோ" என்பார்கள். உட்காருங்கள் என்று பொருள். "எங்கே இருக்கிறீர்கள்?" என்றால் குடியிருப்பு. மலையகத்தில் "கொஞ்சம் இருங்க" என்றால் பொறுங்கள். உட்காருவதும், காத்திருப்பதும், வாழ்வதும், உயிரோடிருப்பதும் நமக்கு ஒரே சொல்: இரு. சிங்களத்திலும் பாருங்கள். 'இந்தகன்ன' என்றால் உட்காருங்கள். 'கொஹெத இன்னே?' என்றால் எங்கே இருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வேர். ஆங்கிலத்தில் 'ரெசிடென்ட்' என்கிறோமே, அதன் லத்தீன் வேரும் உட்காருவதுதான். மனிதன் நடையை நிறுத்தி எங்கே உட்கார்ந்தானோ அதுவே அவன் ஊர். பல மொழிகள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இனிப் பாடம்.

முதலாவது, இடம் சொல்லும் உருபு. நமக்கு 'இல்'. சாதாரண தரத்துக்குப் படித்த ஏழாம் வேற்றுமை நினைவிருக்கும். தொல்காப்பியர் அதற்குக் 'கண்' என்று பெயர் வைத்தார், இன்று நாம் 'இல்' என்கிறோம். துருக்கியில் அது 'த' அல்லது 'தெ'. 'அது' என்னும்போது வருகிற மெல்லிய தகரமாக உச்சரிக்க வேண்டும். எப்போது 'த', எப்போது 'தெ' என்பதை முன்னால் வரும் சொல்லின் கடைசி உயிர் தீர்மானிக்கும். கடைசி உயிர் அ, ஒ, உ போன்றதாக இருந்தால் 'த'. எ, இ போன்றதாக இருந்தால் 'தெ'. லண்டனை அவர்கள் 'லோந்த்ரா' என்பார்கள். எனவே லோந்த்ரா-த. கண்டி, கண்டி-தெ. மாத்தளையை ஆங்கில எழுத்தில் உள்ளபடி 'மாத்தலே' என்று எடுத்தால் மாத்தலே-தெ. பேராதனையின் சிங்களப் பெயர் பேராதெனிய, ஆகவே பேராதெனிய-த. மஹய்யாவ, மஹய்யாவ-த. வாய்க்கு எது சுகமோ அதுவே விதி. நாக்கு எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே அடுத்த ஒலியை எடுக்கிறார்கள்.

பாரிஸில் இருப்பவர்களும் சூரிச்சில் இருப்பவர்களும் கையை உயர்த்துவது தெரிகிறது. உங்களுக்கும் ஒரு விதி உண்டு. சொல் ஸ், க், ப், ஹ் போன்ற வல்லொலியில் முடிந்தால் உருபும் வலிக்கும். அப்போது 'தலை' என்னும்போது வரும் வல்லின தகரம். பாரிஸ்-தெ. சூரிச்சை அவர்கள் 'சூரிஹ்' என்பார்கள், சூரிஹ்-தெ. துருக்கியில் இதற்கு எழுத்தையே மாற்றி எழுதுவார்கள். நாம் ஒரே 'த' எழுதி 'தலை'யில் வலித்தும் 'அது'வில் மெலித்தும் வாசிக்கிறோம். யாரும் சொல்லித்தராமலே செய்கிறோம்.

இரண்டாவது, உண்டும் இல்லையும். துருக்கியில் 'வார்' என்றால் உண்டு, 'யோக்' என்றால் இல்லை. வீடு 'எவ்'. என் வீடு 'எவிம்'. எங்கள் வீடு 'எவிமிஸ்'. எங்கள் வீட்டில் 'எவிமிஸ்-தெ'. தண்ணீர் 'சு'. எனவே "எவிமிஸ்-தெ சு வார்": எங்கள் வீட்டில் தண்ணீர் உண்டு. "எவிமிஸ்-தெ சு யோக்": எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை. சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வசனத்தையே திருப்பிப் போட வேண்டும். துருக்கியும் தமிழும் உறவுமொழிகள் அல்ல. அது துருக்கிய மொழிக் குடும்பம், நம்முடையது திராவிடம். ஆனாலும் இரண்டும் ஒட்டி ஒட்டிச் சொல் கட்டுகிற மொழிகள். வினை இரண்டிலும் கடைசியில்தான் வரும்.

ஒன்றில் மட்டும் நாம் அவர்களைவிடக் கொஞ்சம் நுட்பம். அவர்களுக்கு 'எவிமிஸ்' ஒன்றுதான். நமக்கு 'எங்கள் வீடு' வேறு, 'நம் வீடு' வேறு. கேட்கிறவரைச் சேர்ப்பதா விடுவதா என்பதைத் தமிழில் ஒவ்வொரு முறையும் முடிவு செய்தே ஆக வேண்டும். இதை மறக்காதீர்கள், பிறகு வருவோம்.

மூன்றாவது, பக்கத்து அடையாளம். விலாசம் சொல்வதைவிட "பள்ளிக்கூடத்துக்கு எதிரில், ஸ்டேசனுக்குப் பின்னால்" என்பதுதான் நமக்கு எளிது. துருக்கியிலும் அதே பழக்கம். பள்ளிக்கூடத்துக்கு எதிரில், 'ஓகுலுன் கார்ஷிசிந்தா'. ஸ்டேசனுக்குப் பின்னால், 'இஸ்தாஸ்யோனுன் ஆர்காசிந்தா'. பிரித்துப் பார்த்தால் 'பள்ளியின்-எதிர்-அதில்', 'ஸ்டேசனின்-பின்புறம்-அதில்'. நம்முடைய 'பக்கத்தில்' என்பதும் பக்கம் என்ற பெயரும் இல் உருபும் இடையில் ஓர் 'அத்து'ச் சாரியையும் சேர்ந்ததுதான். குடியிருப்புச் சுற்றுப்புறத்தை அவர்கள் 'மஹல்லெ' என்பார்கள். அரபுச் சொல். நமது முஸ்லிம் சகோதரிகள் பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களை 'மஹல்லா' என்கிறார்களே, அதே சொல். கிரீன் லேன்ஸில் இந்தச் சொல்லைக் கேட்டபோது வீட்டு ஞாபகம் வந்தது.

நான்காவது, இதுதான் கடினம். "எங்கே இருக்கிறீர்கள்?" என்பது ஒரு கேள்வி. "எந்த ஊர்?" என்பது வேறு கேள்வி. துருக்கியில் இரண்டாவதை "நெரெலிசினிஸ்?" என்று கேட்பார்கள். அல்லது "மெம்லெகெத் எது?" என்பார்கள். மெம்லெகெத் என்றால் நமது 'சொந்த ஊர்'. சிங்களத்தில் "கம கொஹெத?" பதில் சொல்ல ஊர்ப்பெயரோடு 'லி' சேர்க்க வேண்டும். கண்டிலி என்றால் கண்டிக்காரர். "கண்டிலியிம்" என்றால் நான் கண்டிக்காரி. இடையில் ஒரு யகரம் வந்ததைக் கவனித்தீர்களா? நம் இலக்கணத்தில் உடம்படுமெய் என்று படித்தோமே, அதுதான். இரண்டு உயிர் முட்டாமல் இருக்க நடுவில் வந்து நிற்கும் மெய்.

லண்டனில் பிறந்து வளர்ந்த துருக்கி இளைஞரிடம் "நெரெலிசின்?" என்று கேளுங்கள். அவன் லண்டன் என்று சொல்ல மாட்டான். தாத்தாவின் ஊரைச் சொல்வான். இருப்பது ஓர் இடம், 'லி' ஆவது இன்னோர் இடம். இங்கேதான் எங்கள் கதை தொடங்குகிறது.

நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் எல்லோரும் எழுந்து பெயரும் இருக்கும் இடமும் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தது. ஒருத்தி "கட்டுகஸ்தோட்டை ரோட்டில்" என்றாள். அடுத்தவள் "ரயில் பாதைக்குக் கிட்ட" என்றாள். மூன்றாமவள் "கண்டியில்" என்றாள். மூன்று பதிலும் பொய்யல்ல. மஹய்யாவ கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில்தான் இருக்கிறது, மாத்தளை ரயில் பாதை அங்கேதான் போகிறது, கண்டி நகரசபை எல்லைக்குள்தான் இருக்கிறது. மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முன்கூட்டிப் பேசி வைக்கவும் இல்லை. ஒரு சொல்லை மட்டும் மூவரும் தவிர்த்தோம்.

ஏன் என்று இங்கே கண்டியைச் சேர்ந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். மஹய்யாவ என்றால் நகரத்து மக்களுக்கு இரண்டு நினைவு வரும். ஒன்று சுடலை. மற்றது மாநகர சபைத் தொழிலாளரின் லயங்கள். கண்டி மாநகர சபை 1865இல் ஏற்பட்டது. நகரைச் சுத்தம் செய்ய வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அங்கேயே இருக்கிறார்கள். எசல பெரஹரா முடிந்த இரவுகளில், நாம் தூங்கி எழுவதற்குள் இந்த நகரத்தின் வீதிகளைக் கூட்டிப் பெருக்கி வைக்கிற கைகள் அந்தக் கைகள். மஹய்யாவயில் அவர்கள் மட்டும் இல்லை. சிங்களவரும் முஸ்லிம்களும், கடைக்காரரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் இருக்கிறார்கள். எங்கள் மூவரில் யார் யாருடைய மகள் என்று இன்றும் சொல்லப் போவதில்லை. அன்று சுற்றியிருந்தவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. எங்களுக்கு இல்லை. ஊரின் பெயரைச் சொன்னாலே போதும், அடுத்த கேள்வி "எந்தப் பக்கம்?" என்று வரும். அந்தக் கேள்வி வழி கேட்பதற்காக வருவதில்லை. தமிழர் நாம் 'எந்த ஊர்' என்று கேட்பது பல வேளைகளில் சாதி கேட்பதற்கான நாகரிகமான வழி. இதை இந்த மண்டபத்தில் சொன்னதற்காக யாரும் கோபிக்க வேண்டாம்.

பிறகு 1998 வந்தது. ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தோம். "கொஹெத இன்னே?" என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும். அப்போது கட்டுகஸ்தோட்டை ரோடு என்று சுற்றி வளைக்க முடியாது. அட்டையில் உள்ளதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். "மஹய்யாவே இன்னே" என்று சொல்லப் பழகினோம். சிங்களத்தில் இடத்தைக் காட்ட கடைசி உயிரை 'ஏ' ஆக்கினால் போதும், மஹய்யாவ என்பது மஹய்யாவே ஆகிவிடும். வகுப்பில் தமிழில் வெட்கத்தால் மறைத்த பெயரைச் சோதனைச்சாவடியில் சிங்களத்தில் பயத்தால் சொன்னோம். ஒழுங்காக, தலை நிமிர்ந்து, கேட்டவரைப் பார்த்து, நம் ஊர் இது என்று எந்த மொழியிலும் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்விக்கோ எங்களிடம் பதிலே இருக்கவில்லை. "கம கொஹெத?" என்று கேட்டால் சிங்களத் தோழி கேகாலை என்பாள், தெல்தெனிய என்பாள். யாழ்ப்பாணத் தோழிக்கும் ஒரு ஊர் உண்டு. நாங்கள் என்ன சொல்வது? கொள்ளுப்பாட்டனின் ஊரை நாங்கள் கண்டதில்லை. பலருக்கு அதன் பெயரும் தெரியாது.

இது எங்கள் மூவரின் பிரச்சினை மட்டுமல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்து, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தது. இன்னும் நாடற்றவராக இருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் குடியுரிமை கொடுத்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் பலரின் அத்தை, சித்தி, மாமா அந்தக் கணக்கில் இந்தியாவுக்குப் போனவர்கள். நீலகிரியில் குடியேறியவர்களை அங்கே 'சிலோன்காரர்' என்றார்கள். இங்கே இருந்தபோது அவர்கள் 'இந்தியாக்காரர்'. இருந்த இடத்தின் பெயரை எங்கேயும் கொடுக்கவில்லை, இல்லாத இடத்தின் பெயரைத்தான் இரண்டு நாட்டிலும் கொடுத்தார்கள்.

துருக்கியருக்கும் இதே கதை உண்டு. 1961 ஒக்டோபர் 30ஆம் திகதி மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தன. ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். ஜெர்மனியில் அவர்கள் விருந்தாளித் தொழிலாளர், பிறகு அந்நியர். விடுமுறைக்கு ஊர் வந்தால் அங்கே 'அல்மான்ஜி' என்றார்கள். கவனியுங்கள், 'லி' போடவில்லை, 'ஜி' போட்டார்கள். 'லி' ஊர்க்காரரைக் குறிக்கும் விகுதி. 'ஜி' தொழில் செய்பவரைக் குறிப்பது, பால்காரர், மீன்காரர் என்பது போல. ஜெர்மனியில் பல காலம் வாழ்ந்தவருக்கு அது ஊராகவில்லை, ஒரு தொழிலாக மட்டும் எண்ணப்பட்டது. சொந்த ஊரை விட்டிருக்கும் அந்த நிலைக்கே 'குர்பெத்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். எட்மன்டன் அம்மா அதைச் சொன்னபோது மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இனி வைத்தியராகச் சில வார்த்தைகள். ஊர் சொல்ல வெட்கப்படுவது மனம் சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. அது உடம்புக்கும் ஆபத்து.

இலங்கையில் பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில் ஒரு வைத்தியசாலையில் டெங்குக் காய்ச்சலோடு ஒரு பிள்ளை வந்தது. டெங்கு அறிவிக்க வேண்டிய நோய். 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறிவித்தே ஆக வேண்டும். சுகாதார 544 என்ற படிவத்தில் பெயர், வயது, விலாசம் எழுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த விலாசத்துக்குப் போவார். தண்ணீர் தேங்கிய ஏனங்களைப் பார்ப்பார், சுற்று வீடுகளைப் பார்ப்பார். டெங்கு நுளம்பு வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான். அதனால் விலாசம் சரியாக இருந்தால் அடுத்த பிள்ளையைக் காப்பாற்றலாம்.

அந்தத் தாய் தன் அக்காவின் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். அந்த விலாசம் 'நல்ல' விலாசம். நாங்கள் எழுதினோம். அவர் சொல்லும்போது ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கம் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த தயக்கம், ஆறாம் வகுப்பில் நாங்கள் தயங்கிய அதே தயக்கம். தெரிந்தும் திருப்பிக் கேட்கவில்லை. பரிசோதகர் அக்காவின் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை உண்மையில் அவர்கள் இருந்த லயத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். நல்ல வேளை, மூவரும் பிழைத்தார்கள். தவறு அந்தத் தாயினுடையது என்று அன்று பலர் சொன்னார்கள். எங்களுடையது என்று எங்களுக்குத் தெரியும்.

லண்டனில் 1854இல் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிரோட் ஸ்ட்ரீட் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி அவை கூடியிருப்பதைக் காட்டினார். நோய் எதனால் வருகிறது என்று உலகம் சரியாக அறியாத காலத்தில் அவருக்கு உதவியது விலாசம். இலங்கையில் 2017இல் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். அத்தனை படிவங்களிலும் விலாசத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. எத்தனை தாய்மார் அந்தக் கட்டத்தின் முன் தயங்கினார்களோ!

அன்றிலிருந்து கேட்கும் விதத்தை மாற்றினோம். "விலாசம் என்ன?" என்று கேட்பதில்லை. விலாசம் என்பது அலுவலகச் சொல். தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வந்தன. லய அறைக்குத் தனி விலாசம் இல்லாமலே பிறந்து, வாழ்ந்து, போனவர்கள் நம் பாட்டிமார். அவர்களிடம் விலாசம் கேட்டால் இல்லாததைக் கேட்கிறோம். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "உங்கள் வீட்டுக்கு நாங்கள் வர வேண்டுமென்றால் எப்படி வருவது, அம்மா?" முகம் மலரும். "பெரிய ரோட்டில் இறங்கி, கோயிலுக்குப் பக்கத்தால் மேலே ஏறி, தண்ணீர்க் குழாய்க்கு எதிரில்" என்று வரிசையாக வரும். எதிரில், பக்கத்தில், பின்னால், மேலே: இன்று நாம் படித்த மூன்றாம் பாடம் முழுவதும் வரும். வருகிறோம் என்று சொன்னவருக்கு யாரும் பொய் வழி சொல்வதில்லை. எட்மன்டனிலும் இதே கேள்விதான் பலித்தது.

இங்கே ஆசிரியைகளாக இருக்கும் சகோதரிகளுக்கும் இதுவே எங்கள் விண்ணப்பம். புதிய வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி எங்கே இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். எப்படி வருவது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். "எந்தப் பக்கம்?" என்ற அடுத்த கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நூற்றாண்டை ஒட்டி உறுப்பினர் பதிவேட்டைப் புதுப்பிக்கிறார்கள். படிவத்தில் 'முகவரி' என்று ஒரே ஒரு நிரல் இருக்கிறது. அதில் எங்களில் பலர் ஒரு தபாற்குறியீட்டு எண்ணை எழுதுகிறோம். டொராண்டோ, சிட்னி, ஒஸ்லோ என்று எழுதுகிறோம். இன்னும் இருபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பதிவேட்டைப் புரட்டுகிற பிள்ளைக்கு, இந்தப் பள்ளிக்கு மஹய்யாவயிலிருந்தும், வத்துகாமத்திலிருந்தும், தெல்தோட்டையிலிருந்தும், கலஹாவிலிருந்தும் பிள்ளைகள் நடந்தும் பஸ்ஸிலும் வந்து படித்தார்கள் என்று தெரியாமல் போய்விடும். இரண்டு நிரல் வையுங்கள். ஒன்று 'இருக்கும் ஊர்'. மற்றது 'பள்ளிக்கு எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்'. முதலாவது துருக்கியின் 'த'. இரண்டாவது 'லி'. சொந்த ஊர் எது என்று கேட்காதீர்கள். அது எங்களில் சிலருக்கு இன்னும் பதில் இல்லாத கேள்வி. புத்தகப்பையோடு எங்கிருந்து நடந்து வந்தோம் என்பதற்கு மட்டும் எல்லோரிடமும் பதில் உண்டு.

போன மாதம் மூவரும் அந்தப் படிவத்தை நிரப்பினோம். ஓரத்தில் இரண்டாவது நிரலை நாங்களே கோடு போட்டு வரைந்துகொண்டோம். முதல் நிரலில் ஒருத்தி லண்டன், ஒருத்தி சூரிச், ஒருத்தி மஹய்யாவ. இரண்டாவதில் மூவரும் ஒரே சொல்லை எழுதினோம். எழுதிவிட்டுத் தமிழாசிரியை ஒரு சந்தேகம் கேட்டாள். "மஹய்யாவவில் என்று எழுதுவதா, மஹய்யாவயில் என்று எழுதுவதா? இலக்கணப்படி வகரம் வர வேண்டும், வாய் யகரத்தைத்தான் சொல்கிறது." சிங்களப் பெயர், அகரத்தில் முடிகிறது, தமிழ் வாய்க்குப் பழக்கமில்லாத முடிவு. ஊரில் எல்லோரும் யகரத்தால் சொல்கிறார்கள். அப்படியே எழுதினோம். அங்கே இருப்பவர்கள் சொல்வதுதான் அந்த ஊரின் இலக்கணம்.

துருக்கி அம்மாவிடமும் சொன்னோம். "நெரெலிசினிஸ்?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். வைத்தியரைக் கேட்கிறார் என்றால் அவருக்கு எங்கள் மேல் பிரியம் என்று பொருள். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. துருக்கியில் 'நாங்கள்' என்று சேர்த்துச் சொல்ல 'யிஸ்' போட வேண்டும்.

"மஹய்யாவாலியிஸ்" என்றோம். நாங்கள் மஹய்யாவக்காரர்.

அவருக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. "எப்படி அங்கே வருவது?" என்று கேட்டார். சொன்னோம்: கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வீதியால் வர வேண்டும், மாத்தளை ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும், கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

உங்களுக்கும் அதையே சொல்கிறோம். வாருங்கள். கண்டி நகரம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருக்கும்.

'நாங்கள்' என்று தொடங்கிய பேச்சை 'நாம்' என்று முடிக்க அனுமதி தாருங்கள். நாம் அனைவரும் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். அந்த நிரலில் மட்டும் எவரும் தயங்க வேண்டியதில்லை.